குளம் தொடங்கும் இடம்

2024 ஜூலை மாதத்தில் நெய்யாற்றங்கரை வட்டாரத்துக்குத் தண்ணீர் வழியாக இரண்டு சாவுகள் வந்தன. 13ஆம் தேதி, திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடையில் குப்பை அள்ள இறங்கிய எங்கள் பக்கத்துத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் நெய்யாற்றங்கரையை அடுத்த அதியன்னூர் பஞ்சாயத்தில் ஓர் இளைஞர் அமீபிக் மூளைக்காய்ச்சலில் இறந்தார். அவர் குளித்த குளத்தோடு தொடர்புடைய வேறு சிலருக்கும் அதே நோய் உறுதியானது. முதல் சாவு நகரத்தின் சாக்கடையில் நடந்தது, இரண்டாவது கிராமத்துக் குளத்தில் தொடங்கியது. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்வி. மேட்டில் நாம் கொட்டுவது பள்ளத்தில் யார் தலையில் விழுகிறது?

ஒரு நீர்நிலையின் தண்ணீரைக் காக்க மேலாண்மைத் திட்டம் எப்படி எழுத வேண்டும் என்பதைப் பற்றி உலகம் முழுதும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை பெரிய ஏரிகளைப் பற்றியவை. நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட கொல்லயில், தனுவச்சபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஏரி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. இருப்பவை குளமும், கரை கட்டிய சிறையும், பள்ளத்து நெல்வயலான ஏலாவும், ஓடையான தோடும். இந்தச் சிறிய நீர்நிலைகளை வைத்துக்கொண்டு, திட்டம் எப்படி எழுதுவது என்ற அந்தப் பெரிய கேள்வியைப் பரிசீலிப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாம் போடும் குளத் திட்டங்கள் தோற்பதற்கு முதல் காரணம், அவை குளத்தில் தொடங்கிக் குளத்திலேயே முடிந்துவிடுவதுதான்.

நிலத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். இது செம்பாறை மேடுகள் அலையலையாகக் கிடக்கும் பூமி. மேட்டில் ரப்பர், சரிவில் தென்னையும் மரச்சீனியும் வாழையும், நடுநடுவே வீடுகள், இரண்டு மேடுகளுக்கு நடுப்பள்ளத்தில் ஏலா. ஏலாவின் தலைப்பக்கத்தில், ஊற்று கண்திறக்கும் இடத்தில், முன்னோர் குளம் வெட்டினார்கள், அல்லது கரை கட்டிச் சிறையாக்கினார்கள். மழை மேட்டில் விழுந்து, முற்றங்களைக் கழுவிக்கொண்டு இறங்கி, குளத்தில் தங்கி, மடை வழியாக நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் தோட்டில் இறங்கும். தோடு இன்னொரு ஏலாவுக்குப் போகும். அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலைத் தொடும் நெய்யாற்றின் கீழ்ப்பகுதி முழுக்க இப்படிப்பட்ட சங்கிலிகளால் ஆனது. குளத்துக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் கோடையின் மேட மாதத்திலும் தண்ணீர் நிற்கிறதென்றால் அது அந்தக் குளத்தின் தயவு.

இந்தக் குளத்துக்கு ஒரு திட்டம் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? ஜேசிபி வரும். சேறு அள்ளிக் கரையிலேயே குவிப்பார்கள். நாலு பக்கமும் கருங்கல் சுவர் எழும்பும். சுவருக்கு மேல் ஓடு பதித்த நடைபாதை, கைப்பிடிக் கம்பி, விளக்குக் கம்பம், திறப்புவிழாப் பெயர்ப்பலகை. இரண்டு கோடை கழிந்தால் தண்ணீர் மறுபடியும் பச்சையாகும், பாயல் என்னும் நீர்க்களை மூடும். தவறு செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியும் வேலைக்குத்தான் மதிப்பீடு போட முடியும், அளவுப் புத்தகத்தில் எழுத முடியும், பில் எழுப்ப முடியும். மேட்டு வீடுகளின் கழிவறைத் தொட்டி எந்தப் பக்கம் கசிகிறது என்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது. அதனால் அது திட்டத்துக்குள் வருவதே இல்லை. அந்தக் கருங்கல் சுவர் இன்னொரு கெடுதலும் செய்கிறது. கரையோரச் சேற்றில் கோரையும் சேம்பும் கைதையும் நின்று, ஓடிவரும் மண்ணையும் சத்தையும் பிடித்து வைத்திருந்தன. சுவர் கட்டியதும் அந்த வடிகட்டி போயிற்று, தவளைகளும் போயின.

திட்டத்தின் முதல் வரி ஒரு கேள்வியாக இருக்க வேண்டும்: இந்தத் தண்ணீர் எதற்கு வேண்டும்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயனை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. குளிப்பதற்கான வகுப்பில் மொத்தக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 500க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்கப் பயன்படுத்தும் நீருக்குக் கோலிஃபார்ம் வரம்பு 5,000. குளிக்கும் தண்ணீருக்கான வரம்பு அதைவிடப் பத்து மடங்கு கடுமையாக இருப்பதைக் கவனியுங்கள். காரணம் எளிது. குடிநீர் நிலையத்தில் நமக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வடிகட்டியும் குளோரினும் நிற்கின்றன. குளிக்கிறவனுக்கு எதுவும் நடுவே இல்லை, தண்ணீர் நேரே மூக்கிலும் வாயிலும் ஏறுகிறது. கோயில் குளம், மாடு குளிப்பாட்டும் குளம், ஏலாவுக்கு மடை திறக்கும் குளம், குழந்தைகள் நீச்சல் படிக்கும் குளம், இவை நான்குக்கும் ஒரே திட்டம் எழுதினால் நான்கில் ஒன்றுக்கும் பொருந்தாது. கிராமசபையில் இதை முதலில் பேசி முடிவு செய்யாமல் எந்தப் பொறியாளரையும் கூப்பிடுவதில் பயனில்லை.

அடுத்தது வரவு செலவு. தண்ணீருக்கு ஒரு கணக்கு, சத்துக்கு ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேர் பரப்பும் சராசரி 2 மீட்டர் ஆழமும் உள்ள குளம் என்று வைத்துக்கொள்வோம். நிறைந்தால் 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். அதற்கு மேலே 50 ஹெக்டேர் சரிவு தண்ணீர் அனுப்புகிறது. இந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதி ஓடி வந்தாலே 4,50,000 கன மீட்டர். குளத்தை ஓராண்டில் இருபது தடவைக்கு மேல் நிறைத்து வழியவிடக்கூடிய தண்ணீர் அது. ஆனால் அது பெரும்பாலும் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையிலும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையிலும் வந்து போய்விடுகிறது. மழைக்காலத்தில் குளம் ஒரு குழாய், கோடையில் அது ஒரு பாத்திரம். குழாயாக இருக்கும்போது அழுக்கு கடந்து போகும், கொஞ்சம் சேற்றில் தங்கும். பாத்திரமாகிவிட்ட கும்பம், மீனம், மேடம் ஆகிய கோடை மாதங்களில், அளவும் சுருங்கி வெயிலும் ஏறும்போது, தங்கியது எல்லாம் வெளியே வருகிறது. ஆகஸ்டில் ஒரு மாதிரி எடுத்துப் பரிசோதித்து, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதி வைத்த அறிக்கை மார்ச் மாதத்துக்கு உதவாது.

சத்துக் கணக்கில் பெரும் பங்கு பாஸ்பரசுக்கு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973இல் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஏரியின் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமச் சத்தும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசையும் சேர்த்து இட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைக் கூழானது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்குப் பல நாடுகளில் துணை நின்றது.

அந்தப் பாடத்தை நம் குளத்துக்குக் கொண்டுவருவோம். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருந்தால் ஒரு நீர்நிலை சத்து மிகுந்து பச்சையாகும் வகையில் சேரும். 2 கோடி லிட்டர் குளத்துக்கு அது எவ்வளவு? ஒரே ஒரு கிலோ. ஒரு மனிதனின் உடல் கழிவில் ஓராண்டில் வெளியேறும் பாஸ்பரஸ் சுமார் அரைக் கிலோ. சரிவில் 200 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஆண்டுக்கு 400 கிலோ. அதில் நூற்றில் ஒரு பங்கு கசிந்து வந்தாலும் குளத்தை நான்கு முறை பச்சையாக்கலாம். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. மழைக்கு முந்தின நாள் வாழைக்கு அள்ளிப் போட்ட உரம் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, குளத்தின் விதி மேட்டில்தான் எழுதப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த மண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. செம்பாறை மண்ணில் இரும்பு அதிகம், அது பாஸ்பரசை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இத்தனை வீடுகளுக்குப் பிறகும் நம் குளங்கள் இந்த அளவில் நிற்கின்றன. ஆனால் அரித்து வந்த செம்மண் குளத்தின் அடியில் படிந்து, அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனால், இரும்பு தன் பிடியை விட்டுவிடும். அதுவரை சேமித்து வைத்திருந்த பாஸ்பரஸ் மறுபடி தண்ணீரில் கரையும். வெளியிலிருந்து ஒரு சொட்டு அழுக்கு வராவிட்டாலும் கோடையில் குளம் கெடுவதற்கு இதுவே காரணம். அப்படியானால் ஜேசிபி செய்வது சரிதானே என்று கேட்கலாம். சுவீடனில் வேக்ஷோ நகரத்து ட்ரும்மன் ஏரி இதற்குப் பதில் சொல்லும். அந்த ஏரியில் கலந்துவந்த சாக்கடையை 1958இல் திருப்பிவிட்டார்கள். பத்தாண்டு கடந்தும் ஏரி தெளியவில்லை, அடிச்சேறு அழுக்கைத் திருப்பித் தந்துகொண்டே இருந்தது. 1970, 71இல் சத்தேறிய மேல்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் ஏரி மீண்டது. அவர்கள் முதலில் வரவை அடைத்தார்கள், பிறகு தூர் எடுத்தார்கள். நாம் வரவை அடைக்காமலே தூர் எடுக்கிறோம், எடுத்த தூரையும் கரையிலேயே குவித்து அடுத்த மழைக்கு உள்ளே விட்டுவிடுகிறோம். குளத்துச் சேற்றை வண்டி கட்டித் தென்னந்தோப்புக்கும் ஏலாவுக்கும் கொண்டுபோன பழக்கம் நம் தாத்தாக்களுக்கு இருந்தது. சத்து மேட்டுக்குத் திரும்பிப் போகும் வழி அது. எந்தத் திட்டத்திலும் ஒரு தலைப்பாக இடம்பெறத் தகுதி உள்ள வேலை.

வரவில் மிகக் கடினமான பகுதி கழிவறைத் தொட்டி. திறந்தவெளியில் ஒதுங்கும் பழக்கத்தைக் கேரளம் பெரும்பாலான மாநிலங்களுக்கு முன்பே ஏறக்குறைய ஒழித்துவிட்டது, அது பெரிய சாதனை. ஆனால் கழிவு மண்ணுக்கு மேலிருந்து மண்ணுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது கட்டட விதி. 3 சென்டிலும் 5 சென்டிலும் வீடு கட்டுகிறவர் தன் கிணற்றுக்கு அந்தத் தூரத்தை விட்டாலும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு எப்படி விடுவார்? சரிவில் மேல்வீட்டுக் குழி கீழ்வீட்டுக் கிணற்றைவிட உயரத்தில் இருக்கிறது. செம்பாறையின் துளைகளில் தண்ணீர் வேகமாக இறங்கும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் குழியின் வாய்வரை ஏறும். கேரளத்துக் கிணறுகளில் மலக்கிருமி காணப்படுவதை ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. அடியில் தளம் போடாத வெறும் குழியைத்தான் நம் ஊரில் பலர் செப்டிக் டாங்க் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நிறைந்துவிட்டால் டேங்கர் லாரியைக் கூப்பிடுவோம். திருவனந்தபுரம் முட்டத்தறையில் கழிவு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக மனமில்லாத வண்டி இரவில் தோட்டில் குழாயை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. நெய்யாற்றங்கரை வட்டாரத்துக்கென்று பக்கத்திலேயே ஒரு கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தால், அது நூறு குளங்களுக்குச் சுவர் கட்டுவதைவிடப் பெரிய குளப் பாதுகாப்பாக இருக்கும். அது எங்கள் ஊரில் வேண்டாம் என்று ஒவ்வோர் ஊரும் கொடி பிடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த எதிர்ப்பில் நியாயமான பயம் இருக்கிறது. ஆனால் இப்போது அதே கழிவு ஒவ்வோர் ஊரிலும் சுத்திகரிக்கப்படாமல் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வடிகட்டியாக நின்ற ஏலாக்கள் சுருங்கியது இன்னொரு கதை. நெல் வயல் தண்ணீரை நிறுத்தி வைக்கும், மண்ணைப் படியவிடும், சத்தை உறிஞ்சும். வயல் வாழைக்கும் மரச்சீனிக்கும் மாறியது. செங்கல் சூளைக்கு மண் எடுத்த இடங்களில் குழிகள் விழுந்தன, சில இடங்களில் செம்மண் கொட்டி வீட்டுமனையானது. 2008ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடுக்கப் பிறந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில், வேளாண் அதிகாரியும் உழவர் பிரதிநிதிகளும் அமரும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவை அது உண்டாக்கியது. 2018இல் வந்த திருத்தம், நெல்வயல்களையும் சதுப்புநிலங்களையும் பட்டியலிடும் தரவு வங்கியில் இடம்பெறாத நிலங்களுக்குப் பணம் கட்டி மாற்றிக்கொள்ளும் வழியைத் திறந்துவிட்டது. குளத் திட்டம் எழுதுகிறவர்கள் இந்தத் தரவு வங்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எழுதினால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதுபோல்தான்.

குளத்துக்கு வெளியே நடப்பது குளத்தை எப்படிக் கொல்லும் என்பதற்கு வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாங்கோட்டை நேரடிச் சாட்சி. கேரளத்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி, சுமார் 373 ஹெக்டேர், 2002 முதல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் பட்டியலில் ஏறிய ராம்சார் தலம், கொல்லம் நகரத்துக்குக் குடிநீர். பெரிய ஆறு எதுவும் அதற்குள் வந்து விழுவதில்லை, ஊற்றும் மழையும் கசிவும்தான் அதன் உயிர். பக்கத்துக் கல்லடை ஆற்றுச் சமவெளியில் மணலுக்காக ஆழக்குழிகள் தோண்டினார்கள். ஏரியின் தண்ணீர் அந்தப் பக்கம் கசிந்து இறங்க, மட்டம் சரிந்தது, படுகை வெளியே தெரிந்தது. ஏரிக்குள் யாரும் ஒரு கூடை மண்ணும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் அருகில் வெள்ளாயணி. திருவனந்தபுரத்தின் தென்கோடியில், நம் வட்டாரத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் நன்னீர்க் காயல். உணவுப் பஞ்சம் இருந்த 1950களில் அதைப் பம்பு வைத்து இறைத்து, வற்றிய படுகையில் புஞ்சை நெல் விதைத்தார்கள். 1990களில் அந்த வழக்கம் நின்றது. நிற்பதற்குள் பட்டாக்களும் வரப்புகளும் உண்டாகிவிட்டன, காயலின் பரப்பு நூறாண்டுக்கு முன் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இன்று அதே தண்ணீரில் கோயிலுக்குத் தாமரை வளர்க்கிறார்கள், சுற்றுப் பஞ்சாயத்துகளுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், தேசாந்தரப் பறவைகளைப் பார்க்க வருகிறார்கள். 1955இல் தொடங்கிய வேளாண் கல்லூரி கரையிலேயே இருக்கிறது. இவ்வளவு அறிவும் இவ்வளவு தேவையும் ஒரே கரையில் கூடியிருந்தும் பாயல் அகற்றும் வேலையே திரும்பத் திரும்பச் செய்தியாகிறது. பாயல் என்பது வரவுக் கணக்கின் பச்சை எழுத்து. எழுத்தை அழித்தால் கணக்கு நேராகிவிடாது.

பாயலைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கன் பாயல் என்று நம் மக்கள் பெயர் வைத்தது உண்மையில் பிரேசில் பக்கத்துச் செடி. 1950களில் திருவனந்தபுரம் வேளிக் காயலில் கண்ணில் பட்டது, இருபது ஆண்டில் குட்டநாட்டு வயல்வரை மூடிவிட்டது. கூலி கொடுத்து அள்ளி மாளவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்தச் செடியின் சொந்த நாட்டில் அதை மட்டுமே தின்னும் அரிசியைவிடச் சிறிய வண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, தங்கள் மூண்டரா ஏரியில் விட்டுப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான டன் பாயல் சிதைந்து மூழ்கியது. அதே வண்டு கேரளத்துக்கும் வந்தது, இரண்டு மூன்று ஆண்டில் பல இடங்களில் பாயலின் முதுகெலும்பை ஒடித்தது. மருந்தடிக்காமல் கிடைத்த வெற்றி இது. இருந்தாலும் இன்று அந்த இடத்தைக் குளவாழை பிடித்திருக்கிறது. சத்து இருக்கும்வரை அதை உண்ண ஏதாவது ஒரு செடி வரத்தான் செய்யும்.

அமீபாவுக்குத் திரும்புகிறேன். நெக்லேரியா என்ற அந்த உயிர் இளஞ்சூடான நன்னீரிலும் அடிச்சேற்றிலும் இயல்பாக வாழ்வது, பாக்டீரியாவைத் தின்பது. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போகிறது. உலக அளவில் இந்த நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். 2024இல் கேரளத்தில் பலரைக் காப்பாற்ற முடிந்ததற்கு விரைவில் கண்டுபிடித்ததும் மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகளை உடனே தொடங்கியதும் காரணம். குளத்தில் அமீபாவே இல்லாமல் செய்வேன் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தண்ணீர் தேங்கிச் சூடேறாமல் பார்ப்பது, பாக்டீரியாவைப் பெருக்கும் கழிவைத் தடுப்பது, சேற்றைக் கலக்கும் மாடு குளிப்பாட்டும் துறையையும் பிள்ளைகள் குளிக்கும் துறையையும் பிரிப்பது, கோடையில் மட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் குளிப்பதை நிறுத்திப் பலகை வைப்பது, இவ்வளவும் பஞ்சாயத்தின் கைக்குள் இருக்கின்றன. அச்சத்தில் குளத்தையே வேலி போட்டு மூடிவிடும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. யாரும் இறங்காத குளத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காத குளம் ஐந்தாண்டில் குப்பைக் குழியாகும்.

சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 2017ஆம் ஆண்டின் மத்திய சதுப்புநில விதிகள் கடுமையானவை. கழிவு கொட்டுவதைத் தடுக்கின்றன, வெள்ளக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. ஆனால் பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் நெல் வயலையும் அவை கணக்கில் எடுப்பதில்லை. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் 2,01,503 சதுப்புநிலங்களைக் காக்கச் சொன்னபோது, அந்தப் பட்டியல் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றின் பட்டியல். நம் குளங்கள் ஒரு சல்லடையில் அளவு சிறியதென்று நழுவுகின்றன, இன்னொரு சல்லடையில் மனிதன் வெட்டியதென்று நழுவுகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் குமரி மாவட்டத்தில் சுசீந்திரம் தேரூர் நீர்நிலையும் வேம்பனூர் நீர்நிலையும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறின. முதலாவது 94 ஹெக்டேர், இரண்டாவது 20 ஹெக்டேர்கூட இல்லை. இரண்டும் பாசனக் குளங்களே. ராம்சார் பெயர் கிடைத்ததும் மத்திய விதி அவற்றுக்குப் பொருந்துகிறது. குமரியில் மிச்சம் இருக்கும் ஆயிரக்கணக்கான குளங்களுக்கு அந்த நிழல் இல்லை. பெயர் கிடைத்தாலும் போதாது என்பதற்கு வேம்பநாடும் அஷ்டமுடியும் இருக்கின்றன. 2002 முதல் ராம்சார் தலங்களான அவ்விரண்டையும் மாசிலிருந்து காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023இல் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

எல்லையைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் தண்ணீரைப் பேச முடியாது. மாநில எல்லைகள் மாறிய 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் கொண்டுபோனது. 2004 முதல் விளவங்கோட்டுப் பக்கத்துக்குத் தண்ணீர் நின்றுபோனது, 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கின் நியாயங்களை நீதிமன்றம் பார்க்கட்டும். நீர்த்தரத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று தெளிவு. கால்வாய்த் தண்ணீர் கோடையில் குளங்களைப் புதுப்பிக்கும் தண்ணீர். அது வராத குளத்தில் அழுக்கின் அளவு கூடாவிட்டாலும் அடர்த்தி கூடுகிறது. அளவும் தரமும் இரண்டு துறைகளின் கோப்புகளில் தனித்தனியாக இருக்கலாம், குளத்துக்குள் அவை ஒன்றுதான். எல்லைத் தோடுகளில் இந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஒரு மாதிரியும் அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஒரு மாதிரியும் எடுத்து ஒரே தாளில் எழுதினால், இரண்டு மாநிலங்களும் பேசி முடிக்காத ஒன்றைக் கீழிருந்து தொடங்கியதாகும்.

யார் செய்வது என்ற கேள்விக்கு இந்த ஊர்களில் பதில் இருப்பது எனக்கு ஆறுதல். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் பணத்தையும் முடிவையும் பஞ்சாயத்துக்குக் கொண்டுவந்தது. தோடு கிளைகிளையாக எங்கே போகிறது என்பது வேலை உறுதித் திட்டப் பணிக்கு இறங்கிய பெண்களுக்கு எந்த வரைபடத்தையும்விட நன்றாகத் தெரியும். குப்பை சேகரிக்க வீடு வீடாக ஏறும் ஹரித கர்ம சேனைக்கு எந்த வீட்டுக் குழி வழிகிறது என்பதும் தெரியும். மாநில அரசின் ஹரித கேரளம் மிஷன் மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் கூடங்களையே தண்ணீர் சோதிக்கும் இடங்களாக்கியிருக்கிறது. தனுவச்சபுரத்தில் கல்லூரி இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. 20 சென்டிமீட்டர் வட்டத் தகட்டில் கறுப்பும் வெள்ளையும் பூசி, கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தால் தண்ணீரின் தெளிவு தெரிந்துவிடும். இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1865இல் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த அதே வித்தைதான். ஐ.டி.ஐ. பிள்ளைகள் அரை நாளில் செய்துவிடுவார்கள். மாதம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே துறையில், ஐந்தாண்டு விடாமல் இறக்கி எழுதினால், இந்த வட்டாரத்தில் எந்தக் குளத்துக்கும் இல்லாத ஒரு சொத்து அந்தக் குளத்துக்கு இருக்கும்.

அளவோடு சேர்ந்து ஒரு முடிவும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தெளிவு இவ்வளவுக்குக் கீழே போனால் குளியல் நிற்கும். கோலிஃபார்ம் இவ்வளவைத் தாண்டினால் மேல்சரிவின் இந்த நாற்பது வீடுகளின் குழிகளைப் பார்க்க ஆள் போகும். பாஸ்பரஸ் வரவு அடைபட்டது உறுதியான பிறகு, மூன்றாம் கோடையில் தூர் எடுக்கப்படும், அதற்கு முன் இல்லை. எடுத்த சேறு இன்னின்ன தோப்புக்குப் போகும். இப்படி எண்ணும் பெயரும் தேதியும் இல்லாத திட்டத்தை அதன் அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் திட்டம் என்று சொல்ல மாட்டேன்.

வேலையை எங்கே, எப்போது தொடங்குவது? இடவப்பாதியின் முதல் கனமழையில், மழை பிடித்த அரை மணி நேரத்துக்குள். கோடை முழுதும் முற்றத்திலும் ரோட்டிலும் குழியின் விளிம்பிலும் சேர்ந்தது அத்தனையும் அந்தத் தண்ணீரில் வரும். முதல் குப்பியைக் குளத்தின் நடுவில் நிரப்ப வேண்டாம். தோடு குளத்துக்குள் விழும் வாயில் நிரப்ப வேண்டும். பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டின் கரையோடு மேலே ஏறி, ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் ஒரு குப்பி, கடைசி வீட்டின் பின்சுவர்வரை.